கிழவி திரும்பும் வரை

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டியலை நீ பார்த்திருப்பாய். எல்லா நிலையங்களுக்கும் ஒரே மெயிலாகத்தான் போனது. அக்டோபர் மாதப் பெரிய அளவீட்டில் கலந்துகொள்ளும் ரேடியோ டெலஸ்கோப்புகளின் பெயர்கள், அடியில் ஒருங்கிணைப்பாளர் என்று என் கையெழுத்து. அதில் உங்கள் நிலையம் இல்லை என்பதை நீ யாரோ எவரோ போல மெயிலில் படித்துத் தெரிந்துகொண்டாய் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும். கடிதத்தில் என்றால் சொல்ல வந்ததையாவது சொல்லி முடிக்கலாம்.

உங்கள் டெலஸ்கோப்பை நீங்களே கிழவி என்றுதான் கூப்பிடுகிறீர்கள், அதனால் நானும் சொல்கிறேன். கிழவியின் காது இன்றைக்கும் கூர்மைதான். திரும்புவதுதான் மெதுவாக இருக்கிறது. அந்தப் பதினைந்து நாளும் உலகம் முழுக்க எல்லா டெலஸ்கோப்பும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும், பிறகு எல்லாம் சேர்ந்து அடுத்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதுசுகள் கண்மூடித் திறப்பதற்குள் திரும்பி நிற்கின்றன. கிழவி ஆற அமரத் திரும்பி முடிக்கும்வரை மற்றவை எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஒரு மணி நேரத்தில் பார்க்க வேண்டியதில் பாதிகூடப் பார்க்க முடியாது. கணக்கு மங்கிவிடும். இதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை, சத்தியமாக இல்லை.

வீட்டில் இவர் நேற்றுக் கேட்டார்: “பூமி சுத்தறதை அளக்கிறதுக்கு எதுக்கு இத்தனை பேர்? நேத்து சுத்தின மாதிரிதானே இன்னைக்கும் சுத்தும்?”

“சுத்தாது. காத்து பலமா அடிச்சா, கடல் தண்ணி கொஞ்சம் இடம் மாறினா, நாள் நீளும், குறையும். அச்சுகூட லேசா தள்ளாடும். வானத்துல ரொம்ப ரொம்ப தூரத்துல சில புள்ளிங்க இருக்கு. அதுங்க அசையறதே இல்ல. அதோட சத்தம் ஒரு டெலஸ்கோப்புக்கு முன்னாடி வரும், இன்னொண்ணுக்குத் துளி பின்னாடி வரும். அந்த வித்தியாசத்தை வெச்சுத்தான் பூமி எவ்வளவு திரும்பியிருக்குன்னு சொல்ல முடியும்.”

“நாள் எவ்வளவு நீளும்?”

“நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு. சில நாள் அதுகூட இல்ல.”

“அதான் இன்னைக்கு எனக்கு ஆபீஸ்ல லேட்டாயிடுச்சு” என்றார். சிரித்துவிட்டேன். உனக்கும் இதை எழுதினால் சிரிப்பாய் என்று ஒரு நப்பாசை.

என் அறைச் சுவரில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறேன். ஒன்றில் காலை, ஒன்றில் மாலை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் மேஜையில் தலை சாய்த்தால் அத்தனை முட்களும் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதுபோல் இருக்கும். உன் கடிகாரத்தை நான் கழற்றவில்லை.

அட்டவணையின் முதல் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன் கண்ணுக்கு எப்போதும் தப்பு தெரியும். நேரம் இருந்தால் ஒரு முறை பார்.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 19

வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. நீளமாக இருந்தது.

திரும்புவது மெதுவாக இருக்கிறதாம். வயதானால் எல்லாருக்கும் அப்படித்தான். உனக்கும் வரும், அப்போது நினைத்துக்கொள்.

போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். பளபளப்பான ஷூ. கிழவியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார், துருவைச் சுரண்டிப் பார்த்தார், என் அறையில் உட்கார்ந்து டீ குடித்தார். பிறகு, “இந்த வருஷம் பெரிய வேலை எதுவும் இல்லன்னா, வருஷக் கடைசியில மூடிடலாம்னு நினைக்கிறோம்மா” என்றார். அதுவரைக்கும் மேடம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். அம்மா என்று இறங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

உன் பட்டியலைத்தான் பெரிய வேலை என்று சொன்னார். வேறெதையும் அல்ல. இதை உன் மனம் இளகட்டும் என்று எழுதவில்லை. நீ செய்தது என்னவென்று உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். இங்கே நானும் ஃபிட்டரும் இன்னும் நாலு பேரும் இருக்கிறோம். அவர்கள் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். எனக்கு இதைத் தவிர வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் சமையல் லிஸ்ட்டை மட்டும் சரிபார்க்கச் சொல்லும் தைரியம் உனக்குத்தான் வரும். சரிபார்த்தேன். இரண்டாம் நாள் பிற்பகலில் நீ போட்டிருக்கும் ஒரு புள்ளி சூரியனுக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. வெறும் இரைச்சல்தான் கேட்கும். மாற்று.

இனி எழுதாதே. எழுதினால் படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை, பதில் போட மாட்டேன்.

அக்கா

*

செப்டம்பர் 2

அக்காவுக்கு,

புள்ளியை மாற்றிவிட்டேன். நன்றி. இங்கே மூன்று பேர் பார்த்தும் அது யார் கண்ணிலும் படவில்லை.

மூடிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்பாய். அதைத்தான் நானும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேருந்தில் கேட்கிறேன், பல் தேய்க்கும்போது கேட்கிறேன். அக்காவின் நிலையம் என்பதற்காகச் சேர்த்திருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருப்பார்கள். அக்காவின் நிலையம் என்பதற்காகவே தள்ளி வைத்தேனோ என்றும் சில சமயம் தோன்றுகிறது. அப்படி இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

வால் என்று கூப்பிட்டிருக்கிறாய். அந்தப் பேரைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. பள்ளிக்கூடம் போகும்போது நீ விறுவிறுவென்று முன்னால் போவாய், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன். “அக்கா, நில்லுக்கா!” என்று கத்துவேன். நீ ஒரு நாளும் நின்றதில்லை, திரும்பிப் பார்த்ததுகூட இல்லை. போன வருஷம் உன்னிடம் வந்துவிட்டுத் திரும்பியபோதும் அதுதானே. என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் கிளம்பும் முன்பே முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டாய். நான் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்து சீட்டுக்காரர் பாவம் என்று நினைத்திருப்பார். அப்படிப்பட்ட நீ, உன் டெலஸ்கோப்புக்காக உலகமே நிற்க வேண்டும் என்கிறாய். இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன், எழுதியதை அழிக்க மனம் வரவில்லை.

ஒரு கனவு கண்டேன். ஒரு பெரிய மைதானம், அதில் எல்லா நிலையத்து டிஷ்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நான் கையில் அட்டவணையோடு நடுவில் நிற்கிறேன். காகிதத்தைப் பிரித்தால் வெள்ளையாக இருக்கிறது. எல்லா டிஷ்ஷும் என்னையே பார்க்கின்றன. அப்போது தூரத்துச் சாலையில் நீ போகிறாய், தோளில் பை. ஒவ்வொன்றாக எல்லாம் சத்தமே இல்லாமல் உன் பக்கம் திரும்புகின்றன. நீ நடக்க நடக்க அவையும் கூடவே திரும்புகின்றன. எனக்குப் பொறாமையாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. விழித்தபோது இவர் காபி கலக்கும் சத்தம் கேட்டது.

பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. நான் எழுதுவேன்.

தங்கை

*

அக்டோபர் 6

அக்காவுக்கு,

தொடங்கிவிட்டது. முதல் நாள் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பனிக்காரர்கள் மட்டும் கொஞ்சம் தாமதம். டிஷ்ஷில் உறைந்த பனியைத் துடைப்பத்தால் தட்டினார்களாம். படம் அனுப்பியிருந்தார்கள்.

என் திரையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சின்ன விளக்கு. திரும்பிக்கொண்டிருந்தால் மஞ்சள், புள்ளியைப் பார்க்கத் தொடங்கிவிட்டால் பச்சை. எல்லாம் பச்சையாகும் அந்த நொடியில் எனக்கு மூச்சு நின்று வருகிறது. மலை உச்சியில், பாலைவனத்தில், பனியில், ஆட்டுப்பண்ணைக்கு நடுவில், ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மனிதர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே பக்கம் காது கொடுக்கிறார்கள். மதிய வெயில் மேஜை மேல் விழுந்திருக்கிறது, நான் அதில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பூமி என் நாற்காலியோடு சேர்த்து என்னைத் திருப்பிக்கொண்டு போவது தெரிவதுபோலவே இருக்கிறது. இவரிடம் சொன்னால், “சாப்பிட்டியா?” என்று கேட்கிறார்.

மூன்றாம் நாள் ஒரு சிக்கல். மலைக்காரர்களின் டிஷ் கிழக்குப் பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. உட்கார்ந்த இடத்தில் மொத்த அட்டவணையையும் மாற்றி எழுதி, பட்டியலில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பினேன். இனி பார்க்கும் புள்ளிகள் வேறு, வரிசை வேறு. கை இன்னும் வலிக்கிறது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் பாதி நேரத்தில் முடித்திருப்போம்.

உங்களை விட்டால் தெற்கே ஆட்டுப்பண்ணைக்காரர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

தங்கை

*

அக்டோபர் 8

வாலுக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. கேட்டதைப் பதியும் டிஸ்க்குகளின் பெட்டிக்குள் வைத்து அனுப்புவேன், பெட்டியைத் திறக்கும்போது உன் கையில் கிடைக்கட்டும்.

எந்த டிஸ்க் என்று கேட்கிறாயா? போன தடவை நீ திருப்பி அனுப்பச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பழைய டிஸ்க்குகள்தான். தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். ஒரு நாள் உதவும் என்று அலமாரியில் வைத்திருந்தேன், உதவிவிட்டது. முதல் நாளிலிருந்து நாங்களும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். யாரும் கூப்பிடவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. நீ அனுப்பிய அட்டவணை இருக்கிறதே, அதைச் சுவரில் ஒட்டிக்கொண்டு அதன்படி நாங்களும் கூடவே வருகிறோம்.

ஃபிட்டர் முதலில் முகம் சுளித்தார். “நம்மைத்தான் வேணாம்னுட்டாங்களே மேடம். அப்புறம் எதுக்கு?”

“வானம் அவங்க அப்பன் வீட்டு சொத்தா?” என்றேன். பிறகு ஞாபகம் வந்தது, உன் அப்பாவும் என் அப்பாவும் ஒருவர்தான்.

கிழவியால் எல்லாவற்றுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் ஒரு புள்ளியை முழுவதும் கேட்காமல் பாதியிலேயே எழுந்து அடுத்ததற்குக் கிளம்பிவிடுகிறோம், பேச்சு முடியும் முன்பே செருப்பைத் தேடும் விருந்தாளி மாதிரி. சிலதை விட்டேவிடுகிறோம். ஆனாலும் கேட்கிறாள். குளிர்பதனப் பம்பு தக் தக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. மதியம் அந்தச் சத்தத்திலேயே எனக்குக் கண் சொக்கிவிடுகிறது. சொக்கினால் கிழவியின் நிழல் அறைக்குள் வந்து, சுவரில் ஏறி, மறு பக்கம் இறங்குவது தெரிகிறது. நிழல் நகர்கிறதா, அறை நகர்கிறதா என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரிவதில்லை. நன்றாக இருக்கிறது.

உன் மேல் கோபம் போகவில்லை. ஆனால் இதையும் சொல்கிறேன். இந்த நிமிடம் நான் பார்க்கும் புள்ளியைத்தான் நீயும் உன் ஆட்களும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அட்டவணையில் விரலை வைத்தால் உன் கையைத் தொடுவதுபோல் இருக்கிறது. வயதாகிவிட்டது, அதனால்தான் இப்படியெல்லாம் எழுதுகிறேன். பெட்டி உன்னிடம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். வேண்டுமென்றால் சேர்த்துக்கொள், வேண்டாமென்றால் பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொள்.

அக்கா

*

அக்டோபர் 17

அக்கா,

முடிந்துவிட்டது. இரண்டு நாள் தூங்கினேன். போனில் பேசியதெல்லாம் வேலைப் பேச்சு, அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆட்டுப்பண்ணைக்காரர்களின் மோட்டார் எரிந்துவிட்டது என்று செய்தி வந்தபோது என் கையில் டீ இருந்தது. அது ஆறி ஆடை கட்டும்வரை நான் அசையவில்லை. வடக்கே எத்தனை டெலஸ்கோப் இருந்து என்ன? தெற்கே ஒன்றாவது இல்லாவிட்டால் அச்சு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லவே முடியாது. இந்தப் பதினைந்து நாளுக்காக நான் எத்தனை பேர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். எல்லாம் ஒரு மோட்டாரோடு போயிற்று என்று நினைத்தேன். அப்புறம்தான் சுவரில் உன் கடிகாரம் கண்ணில் பட்டது.

ஃபிட்டர்தான் போனை எடுத்தார். கிழவியைக் கிளப்ப எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். “கிளப்பறதா? ஓடிட்டுத்தானேம்மா இருக்கு? முதல் நாள்லேர்ந்து ஓடுது” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ வந்து போனை வாங்கினாய். பெருமையை மறைத்துக்கொண்டு, “இப்போ எந்தப் புள்ளியில இருக்கோம்னு சொல்லட்டுமா?” என்று கேட்டாய். நீ சொன்னது எங்கள் யாருடைய புள்ளியும் இல்லை.

மூன்றாம் நாள் நான் மாற்றிய அட்டவணை பட்டியலில் இருக்கிறவர்களுக்குத்தான் போனது. நீ பட்டியலில் இல்லை, ஆறாம் தேதி நான் எழுதிய கடிதமும் அதுவரை உன் கைக்கு வந்திருக்கவில்லை. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சொல்லிவிட்டேன். பம்பு தக் தக் என்று அடிப்பது மட்டும் போனில் கேட்டது. அத்தனை நாள் உலகமெல்லாம் ஒரு பக்கம் பார்க்க, நீ தன்னந்தனியாக வேறொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஒரு டெலஸ்கோப் தனியாகக் கேட்டால் அது வெறும் இரைச்சல்தான், கூட இன்னொன்று கேட்டால்தான் அளவு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீ. மூன்றாம் நாளிலிருந்து உன் உழைப்பு அவ்வளவும் இரைச்சலாகிப் போனதற்கு நான்தான் காரணம். திட்டுவாய் என்று காத்திருந்தேன். “புது அட்டவணையை அனுப்பு” என்று மட்டும் சொன்னாய்.

அதை அப்படியே அனுப்பியிருந்தால் நீ பாதிப் புள்ளிகளுக்குத்தான் வந்து சேர்ந்திருப்பாய். அச்சைப் பிடிக்க அது போதாது. அதனால் மீண்டும் எல்லாவற்றையும் மாற்றினேன். ஒவ்வொரு புள்ளிக்கும் கிழவி திரும்பி முடிக்கும் வரை மற்ற எல்லாரும் நிற்க வேண்டும் என்று எழுதினேன். இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

“உங்க அக்கான்னுதானே இதெல்லாம்?”

“ஆமா சார், அக்காதான். ஆனா தெற்கே வேற யாரும் இல்ல சார். தங்கச்சியா இல்லாம யோசிச்சாலும் இதே கணக்குதான் வருது.”

“கணக்கு மங்கிப்போச்சுன்னா உங்க பேர்தான் அடிபடும்.”

“அடிபடட்டும் சார்.”

மறுநாள் பிற்பகல் எல்லா விளக்கும் பச்சையாக நின்றுகொண்டிருந்தது, உன் விளக்கு மட்டும் மஞ்சள். அதுவும் நிதானமாக, அவசரமே இல்லாத மஞ்சள். பனிக்காரர்கள் கேட்டு எழுதினார்கள்: ‘யாருக்காக நிற்கிறோம்?’

‘எங்கள் அக்காவுக்காக’ என்று எழுதினேன். அலுவல் செய்தியில் அப்படி எழுதக் கூடாது. உன் விளக்கு பச்சையானதும் மலைக்காரர்கள் ஒரு கைதட்டல் படம் அனுப்பினார்கள்.

தங்கை

*

அக்டோபர் 30

வாலுக்கு,

போனில் நீ அதைச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது என்று இப்போது சொல்லலாம். நிரம்பிய பஸ்ஸில் எல்லாரும் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நானும் கூடவே சிரித்திருக்கிறேன், இறங்கிப் பார்த்தால் அது வேறு பஸ். அவமானமாக இருந்தது. ஃபிட்டர் முன்னால் அழக் கூடாது என்று அணுக்கடிகார அறையின் கதவுக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே போகக் கூடாது, ஆள் சூடு பட்டால் கடிகாரம் தடுமாறும். அந்தக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். உன்னைத் திட்ட வார்த்தை தேடினேன். ஒன்றுகூடச் சரியாக வரவில்லை.

அப்புறம் நீ எல்லாரையும் நிற்க வைத்தாய். கிழவி பாதி தூரம் திரும்பியிருக்கும்போது கட்டுப்பாட்டு அறைத் திரையைப் பார்த்தேன். எல்லாரும் வந்துவிட்டார்கள், எங்களுக்காக நிற்கிறார்கள். ஃபிட்டர், “உலகமே நமக்காக நிக்குது மேடம், கொஞ்சம் வேகமா ஓட்டலாமா?” என்றார். பேரிங் முனகத் தொடங்கியிருந்தது எங்கள் இருவருக்குமே கேட்டது. மெதுவாக ஓட்டினால் இன்னும் ஒரு வருஷம் தாங்கும். எப்படியும் டிசம்பரில் பூட்டப் போகிறார்கள், யாருக்காக மிச்சம் பிடிப்பது? ஓட்டுங்கள் என்றேன்.

கடைசி நாளின் கடைசிப் புள்ளி வரை ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாம் முடிந்து, தலையை நேராக நிமிர்த்தி ஓய்வு நிலைக்குக் கொண்டுபோக பட்டனை அழுத்தினேன். ஒரு சத்தம் கேட்டது, கட்டடமே அதிர்ந்தது. ஃபிட்டர் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார், முகமெல்லாம் கிரீஸ். “இனிமே அசைச்சா கழுத்து முறிஞ்சிடும் மேடம். இப்படியே விட்டுடலாம்” என்றார். அதனால் கிழவி கடைசிப் புள்ளியைப் பார்த்த கோலத்திலேயே நிற்கிறாள்.

ஒரு விஷயம் எனக்கு மறுநாள்தான் உறைத்தது. அவள் அசையாவிட்டால் என்ன, பூமி அசைகிறதே? தினமும் ஒரு தடவை பூமியே அவளைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் புள்ளிக்கு நேராக நிறுத்துகிறது. கொஞ்ச நேரம் சத்தத்தை அளக்கும் மீட்டர் ஊசி மேலே ஏறும், பிறகு இறங்கும். மாலை வேலை முடிகிற நேரம் அது. நான் தினமும் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறேன். ஒரு நாள்கூட விடவில்லை.

இன்னொன்று. நான் நின்றதே இல்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பள்ளிக்கூட வழியில் முனை திரும்பியதும் நீ பார்க்க முடியாத இடத்தில் நான் நிற்பேன். ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொள்வேன். உன் செருப்புச் சத்தம் டப் டப் என்று கேட்கும். கேட்ட பிறகுதான் நகர்வேன். பஸ் நிறுத்தத்திலும் அப்படித்தான், டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பஸ் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் வந்தேன். நீ பார்க்கும்படி நின்றால் நீ அழுவாய், நானும் அழுவேன் என்று பயம். எனக்குக் காது போதும் என்று இருந்துவிட்டேன். உனக்கு அது எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை.

டிஸ்க் பெட்டி அனுப்பிவிட்டேன். தனியாகப் பார்த்த நாட்களின் டிஸ்க்குகளும் அதில் இருக்கின்றன. தூக்கிப் போட மனம் வரவில்லை.

அக்கா

*

நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். குறுக்கே நாட்கள், நெடுக்கே நாளின் நீளம். பூமி எப்படி மூச்சு விடுகிறது பார், லேசாக ஏறி, லேசாக இறங்கி. ஒவ்வொரு நாளும் கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு சாம்பல் பட்டை இருக்கும், அது எங்கள் சந்தேகம். பட்டை தடித்திருந்தால் எங்களுக்கு அவ்வளவு நிச்சயமில்லை என்று அர்த்தம். நடுவில் ஓரிடத்தில் அது பூசணிக்காய் மாதிரி உப்புகிறதே, அது மோட்டார் எரிந்த நாள். அடுத்த நாளே சட்டென்று ஒல்லியாகிறது, கடைசிவரை அப்படியே போகிறது. அந்த ஒல்லியான இடமெல்லாம் நீதான். கூட்டத்தில் இயக்குநர் அந்த இடத்தில் பென்சிலை வைத்துத் தட்டினார். என்னைப் பார்க்கவில்லை. “நின்னது வீண் போகல” என்று மட்டும் சொன்னார்.

கிழவியைக் காப்பாற்றலாம் என்று இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு உங்கள் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. பேரிங் மாற்றும் செலவுக்குப் புது டெலஸ்கோப்பே வாங்கிவிடலாமாம், அதையும் இப்போதைக்கு வாங்கப் போவதில்லையாம். டிசம்பர் கடைசியில் மின்சாரத்தைத் துண்டிக்கிறார்கள். உனக்கும் சொல்லியிருப்பார்கள். நான் தோற்றுவிட்டேன் அக்கா. முதலிலேயே உன்னைப் பட்டியலில் சேர்த்திருந்தால் மெதுவாகவே ஓட்டியிருப்பாய், பேரிங்கும் தாங்கியிருக்கும். இதை நான் எத்தனை முறை நினைத்தாலும் அது அப்படியேதான் இருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நீ தனியாகப் பார்த்த நாட்களின் டிஸ்க்குகளை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எல்லா நிலையத்து டிஸ்க்குகளையும் ஒப்பிடும் கணினிக் கூடத்தில் கெஞ்சி ஓட்டச் சொன்னேன். வெறும் இரைச்சல்தான். ஆனால் ஒரு பிற்பகலில், பழைய அட்டவணையிலும் புதிய அட்டவணையிலும் தற்செயலாக ஒரே நேரத்துக்கு ஒரே புள்ளி வந்திருக்கிறது. எனக்கே தெரியாது. கொஞ்ச நேரம்தான், நீ எழுந்து போகும்வரை. அந்தக் கொஞ்ச நேரம் உன் இரைச்சலும் எங்கள் இரைச்சலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தி, திரையில் ஊசிபோல ஒரு கோடு எழுந்து நின்றது. தேதியைப் பார்த்தேன். பெட்டியில் நீ வைத்திருந்த கடிதத்தின் தேதி அது. நீ விரலை வைத்ததாக எழுதியிருந்தாயே, அந்த நாள். நான் கூடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், நான் ஏற்கனவே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

லீவு கேட்டுவிட்டேன். டிசம்பர் பதினெட்டாம் தேதி மதிய பஸ்ஸில் வருகிறேன். இவர் வரவில்லை, “நீங்க ரெண்டு பேரும் முதல்ல பேசி முடிங்க” என்கிறார். மின்சாரம் போவதற்குள் கிழவியைப் பார்க்க வேண்டும். உன்னைப் பார்க்க வேண்டும், அதுதான் முதலில்.

உன் வால்

*

டிசம்பர் 5

வாலுக்கு,

படத்தைக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், உன் பழைய அட்டவணை இருந்த இடத்தில். ஃபிட்டர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒல்லியான இடத்தைக் காட்டி, “இது நாங்க” என்கிறார். அவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டது. எனக்கு இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. உன்னோடு உட்கார்ந்து யோசிக்கிறேன்.

பேரிங்கைப் பற்றி இனி எழுதாதே. ஓட்டச் சொன்னது நான். மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன்.

பஸ்ஸில் வலது பக்கம் உட்கார், இடது பக்கம் வெயில் கொல்லும். ஸ்வெட்டர் எடுத்து வா. எங்கள் கேட்டுக்கு முன்னால் பலகை இருக்கும், அங்கேயே செல்போனை அணைத்துவிடு, கிழவி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

கிழவி கடைசியாகப் பார்த்த அந்தப் புள்ளி தினமும் நாலு நிமிடம் முன்னதாக வருகிறது. அக்டோபரில் மாலையில் வந்தது, இப்போது நடுப் பிற்பகலுக்கு வந்துவிட்டது. நீ வரும் நாளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் பஸ் வந்து நிற்கும் நேரமும், கிழவிக்கு நேராக அந்தப் புள்ளி வரும் நேரமும் ஒன்றாகவே வருகிறது. ஃபிட்டரிடம் சொன்னேன். “அப்போ பஸ் ஸ்டாப்புக்கு நான் போயிட்டு வர்றேன் மேடம், நீங்க இங்க இருங்க” என்றார். நல்ல மனிதர்.

ஊசியை அவர் பார்த்துக்கொள்ளட்டும். பஸ் நிறுத்தத்துக்கு நான்தான் வருவேன். கவுன்ட்டருக்குப் பின்னால் தேடாதே, முன்னாலேயே இருப்பேன், சாலையைப் பார்த்தபடி. பெட்டி கனமாக இருந்தால் அவசரப்படாமல் இறங்கு. நிற்கிறேன்.

அக்கா